கழுத்துத் தண்டுவடக் காயத்துக்குப் பின் திடீர்த் தலைவலியும் வியர்வையும்

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட உங்கள் தம்பிக்குத் திடீர்த் தலைவலி வந்ததாகவும், அப்போதிருந்த 150 இரத்த அழுத்தம் அதிகமில்லை என்று உங்களிடம் சொல்லப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மறுபடி அந்தத் தலைவலி வந்தால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல், உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். பெல்ட், காலில் கட்டிய சிறுநீர்ப் பையின் பட்டை ஆகியவற்றைத் தளர்த்துங்கள். மண்டை இடிப்பு, முகச் சிவப்பு, வியர்வை, 150 இரத்த அழுத்தம் என்று நீங்கள் எழுதியிருப்பவை ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா (காயத்துக்குக் கீழே ஏற்படும் உறுத்தலால் இரத்த அழுத்தம் திடீரென எகிறுவது) என்னும் அவசரநிலையையே காட்டுகின்றன.

150 அதிகமில்லை என்று உங்களிடம் சொன்னது அவருக்குப் பொருந்தாது. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மேல் அழுத்தம் (சிஸ்டாலிக், அளவீட்டின் முதல் எண்) வழக்கமாகவே 90 முதல் 110 வரைதான் இருக்கும் என்பதால், அதிலிருந்து 20 முதல் 40 வரை ஏறினாலே அபாய அறிகுறிதான்.

பெரும்பாலும் காரணம் நிரம்பிய சிறுநீர்ப்பை. அது தரும் உறுத்தலை அவர் உணராவிட்டாலும் காயத்துக்குக் கீழுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றைத் தளர்த்தும் மூளையின் கட்டளை காயத்தைத் தாண்டி இறங்குவதில்லை. ஆகவே கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும்) குழாய் மடிந்திருக்கிறதா, காலில் கட்டிய பை நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடைப்பு என்றால் கத்தீட்டரை மாற்ற வேண்டும்.

சிறுநீர் தடையின்றி வந்தும் அழுத்தம் இறங்காவிட்டால் மலச்சிக்கல், படுக்கைப் புண், உள்வளர்ந்த கால் நகம்கூடக் காரணமாகலாம். ஆனால் மலத்தை விரலால் எடுக்க நீங்களே முயல வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவாமல் செய்தால் அழுத்தம் மேலும் எகிறும்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்தும் அழுத்தம் அவருடைய வழக்கமான அளவுக்கு இறங்காவிட்டால், உட்கார்ந்த நிலையிலேயே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்ற பெயரையும் அவருடைய வழக்கமான அழுத்தத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில்டெனாஃபில் போன்ற ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை எடுத்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது; அழுத்தம் குறைக்கத் தரப்படும் நைட்ரேட் மருந்து அதனுடன் சேர்ந்தால் ஆபத்து.