பாவற்காய்ச் சாறு குடித்தால் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 56 வயது. திருகோணமலை நகரில் இருக்கிறேன். சில வருடங்களாகச் சீனி வருத்தம். காலையும் இரவும் மெட்போமின் 500, கிளிக்லசைட் 40 போடுகிறேன். போன மாதம் வெறும் வயிற்றில் 168, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 8.1. இந்தியாவிலிருந்து வந்த ஒரு வீடியோவில், பாகற்காய்ச் சாறும் வெந்தயத் தண்ணீரும் குடித்தால் மாத்திரையே தேவையில்லை என்றார்கள். மூன்று கிழமையாகக் காலையில் குளிசையோடு ஒரு கிளாஸ் சாறு குடிக்கிறேன். சாப்பாடு பத்து மணிக்குத்தான். இரண்டு தரம் கை நடுங்கி வியர்த்துவிட்டது. சாறு வேலை செய்கிறது என்று அயலில் சொல்கிறார்கள். குளிசையை நிறுத்தலாமா? குரக்கன் புட்டு எவ்வளவும் சாப்பிடலாம்தானே? கர்ப்பமாயிருக்கும் மகளுக்கும் கிளினிக்கில் சீனி கூட என்றார்கள். அவளுக்கும் இந்தச் சாற்றைக் கொடுக்கட்டுமா?

பதில்: அம்மா, மற்ற எல்லாவற்றுக்கும் முன் அந்த நடுக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். அது நல்ல அறிகுறி இல்லை. இரத்தத்தில் சீனி தேவைக்குக் கீழே இறங்கும்போதுதான் கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடக்கும். நீங்கள் போடும் இரண்டு குளிசைகளில் கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. அதைப் போட்டுவிட்டுப் பத்து மணிவரை சாப்பிடாமல் இருந்தால், சுரந்த இன்சுலின் இருக்கிற சீனியையும் இறக்கிவிடும். சாறும் அதோடு கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். பெரிய காரணம் சாப்பாடு பிந்தியதுதான்.

இன்னொரு முறை அப்படி வந்தால் உடனே உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். வீட்டில் மீட்டர் இருந்தால் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் அது தாழ்வு. பதினைந்து நிமிடம் கழித்தும் குறைவாக இருந்தால் திரும்பவும் சீனித் தண்ணீர் குடியுங்கள். சரியானதும் வழமையான சாப்பாடு. நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதை வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள். நாளையிலிருந்து வெறும் வயிற்றுச் சாறு வேண்டாம். கிளிக்லசைட்டைக் காலைச் சாப்பாட்டோடு போடுங்கள்.

குளிசையை நிறுத்தலாமா என்றால், கூடாது. குளிசை போட்டும் எச்பிஏ1சி 8.1 இருக்கிறது. உங்கள் வயதில் பெரும்பாலானோருக்கு 7 அளவில் வைத்திருக்கத்தான் பார்ப்போம். இந்த நிலையில் குளிசையையும் எடுத்துவிட்டால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கால் நரம்புக்கும் சேதம் வரும், அதுவும் வலியில்லாமல் வரும் என்பதுதான் எனக்குப் பயம்.

பாவற்காயில் சீனியைக் குறைக்கும் பொருட்கள் இருப்பது உண்மை. விலங்குகளிலும் சோதனைக் கூடத்திலும் அது தெரிந்திருக்கிறது. மனிதர்களுக்கு வரும்போதுதான் பலன் மெலிந்துவிடுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பின் 2012 மதிப்பாய்வு, 479 பேர் பங்கெடுத்த நான்கு பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. இதை நீரிழிவுக்கு மருந்தாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்பதே முடிவு. அதற்காகப் பாவற்காயை விட்டுவிடாதீர்கள். கறியாகச் சாப்பிட அது மிக நல்ல மரக்கறி. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்துச் சம்பல் போடும் வழக்கத்தை மட்டும் குறையுங்கள். தேங்காய்ப் பாலும் அளவாக விட்டுக் குழம்பாக வையுங்கள்.

வெந்தயத்தின் கதை கொஞ்சம் வேறு. அதிலுள்ள வழவழப்பான நார்ச்சத்து, சீனி குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகும் வேகத்தைக் குறைக்கிறது. 1990இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வில் நாளுக்கு 100 கிராம், கொழுப்பு நீக்கிய வெந்தயத் தூள் கொடுத்துத்தான் பலன் பார்த்தார்கள். வீடியோவில் சொல்லும் ஊறவைத்த தண்ணீரில் அந்த நார் மிகக் கொஞ்சம்தான் இறங்கும். குடிப்பதானால் ஊறிய விதையையும் மென்று சாப்பிடுங்கள், ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும். வோபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து போடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

இப்போது உங்கள் தட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் 168இன் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் ஊரில் காலையில் புட்டு அல்லது பாண், மத்தியானம் சோறு, இரவு திரும்பவும் இடியப்பமோ புட்டோ. மூன்று நேரமும் மா, மா, மா. கறி என்பது அதை இறக்குவதற்கு ஒரு கரண்டி. இதைத் திருப்பிப் போட்டால்தான் பலன் தெரியும். தட்டில் பாதிக்கு மரக்கறியும் இலைக்கறியும், கால் பங்குக்கு மீன் அல்லது பருப்பு அல்லது முட்டை, மிச்சக் கால் பங்கில் சோறு. சோறு ஒரு தேநீர்க் கோப்பையளவுக்கு மேல் போகாமல் பாருங்கள். தீட்டாத சிவப்பரிசி நல்லது. தம்பலகாமத்து வயலில் விளைந்த நெல்லை வீட்டுக்காகக் குற்றுவிக்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால், தவிட்டோடு கேட்டு வாங்குங்கள். ஆனால் சிவப்பரிசிச் சோறும் சோறுதான். இரண்டு மடங்கு போட்டுச் சாப்பிட்டால் வெள்ளையில் வருவதைவிடக் கூடவே ஏறும்.

குரக்கனுக்கும் இதே பதில். 100 கிராம் குரக்கனில் ஏறக்குறைய 70 கிராம் மாச்சத்து, தீட்டிய வெள்ளை அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். குரக்கனின் நன்மை நார்ச்சத்திலும் சுண்ணாம்புச் சத்திலும் இருக்கிறது, அதனால் புட்டுக்கு அது வெள்ளை மாவை விட நல்லது. அளவில்லாமல் சாப்பிட அது அனுமதிச் சீட்டு இல்லை. நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சீனி வேகமாக ஏறும். புட்டாக, ஒரு சிறு குழல், கூடவே கடலையோ பயறோ, இலை வறையோ வைத்துச் சாப்பிடுங்கள். வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைவது வேண்டாம், அது எவ்வளவு ருசி என்று எனக்கும் தெரியும்.

இலைக்கறிகளை நான் மனமாரச் சொல்வேன். முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், கொவ்வையிலைச் சுண்டல். கொவ்வையிலையை இலங்கையிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி ஓரளவு குறைந்தது. வேலியில் படர்ந்து கிடக்கிற கொடிக்கு அது பெரிய விஷயம். புடலங்காய், பீர்க்கங்காய், வெண்டிக்காய், போஞ்சி, கத்தரிக்காய் எல்லாம் தாராளமாக. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மரக்கறிக் கணக்கில் வராது, அவற்றைச் சோற்றுக்குப் பதிலாகத்தான் எண்ண வேண்டும். கடற்கரை ஊரில் இருக்கிறீர்கள், சாளையும் சூரையும் மலிவாகக் கிடைக்கிற நாளில் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். கருவாடு அடிக்கடி வேண்டாம், உப்பு. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் அளவாகச் சாப்பிடலாம், பாணியோ பனங்கட்டியோ சேர்க்காமல். பனங்கட்டி இயற்கையானது என்பதற்காக இரத்தம் அதை வேறாக நடத்தாது.

கடைசியாக ஒரு கடுமையான எச்சரிக்கை. காமரங்காய்ச் சாறும் பிலிம்பிச் சாறும் சீனிக்கு நல்லது என்று சிலர் குடிக்கிறார்கள். அவற்றில் சிறுநீரகத்தில் படியக்கூடிய ஒக்சலேட் என்ற பொருள் மிக அதிகம். காமரங்காய்ச் சாறு குடித்து இலங்கையிலும், பிலிம்பிச் சாறு குடித்துக் கேரளத்திலும் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில், கச்சான் காற்று வீசி உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நாட்களில் ஆபத்து இன்னும் கூடும். தயவு செய்து தொடாதீர்கள். என்ன கலந்தது என்று எழுதப்படாத சூரணப் பொட்டலங்களும் அப்படியே. சிலவற்றில் ஈயம் போன்ற உலோகம் இருந்திருக்கிறது. நாவல் கொட்டைத் தூளோ ஆவரசம் பூவோ எடுப்பதாக இருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் ஏசமாட்டார்கள்.

மகளுக்குச் சாறு கட்டாயம் வேண்டாம். கர்ப்ப காலத்தில் பாவற்காயைச் சாறாகவோ விதையோடு அரைத்தோ எடுப்பது பாதுகாப்பானதல்ல. இடையிடையே கறியில் சேர்த்தால் பயமில்லை. கர்ப்பத்தில் சீனி கூடினால் குழந்தை அளவுக்கு மிஞ்சிப் பெருத்துவிடலாம், பிறந்த பின் குழந்தைக்குச் சீனி தாழலாம். அதனால் வாராவாரம் அளவைப் பார்த்து, சாப்பாட்டிலும் சரிவரவில்லையென்றால் இன்சுலின் போடச் சொல்வார்கள். போடச் சொன்னால் தயங்கவிடாதீர்கள். அது பிள்ளைக்குப் போகாது.

உங்கள் அடுத்த கிளினிக்குக்கு, இரண்டு கிழமைக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்: காலையில் வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு, என்ன சாப்பிட்டீர்கள். நடுங்கிய இரண்டு நாளையும் நேரத்தோடு எழுதுங்கள். கிளிக்லசைட்டை மாற்றுவதா, மெட்போமினைக் கூட்டுவதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் அதையும் கேளுங்கள். சோதனைக்கு இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் போகிற நாளில் குளிசையை வீட்டில் விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். சாப்பாட்டுப் பார்சலோடு அதையும் கொண்டு போய், இரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட்டபடி போடுங்கள்.