அம்மாவுக்கு அல்சைமர், அதுக்காகவே முதுமை மரபணு ஆராய்ச்சியில பிஎச்டி சேரலாமான்னு கேட்டிருக்கீங்க

சேரலாம். ஆனா அம்மாவுக்காகன்னு சேராதீங்க. இதச் சொல்ல நீ யாருன்னு கேப்பீங்க, அதனால என் கதையச் சொல்லிடுறேன், கொஞ்சம் நீளம்.

நான் பாம்பன் பக்கம். எங்க அப்பத்தா கடல்பாசிக்குப் போனவுக. விரல்ல துணியச் சுத்திக்கிட்டு, கால்ல தகரத் தட்டக் கட்டிக்கிட்டு, முங்கி முங்கி மரிக்கொழுந்து பாசி பறிச்சுட்டு வருவாக. அந்தப் பாசியிலருந்துதான் அகார்ங்கிற ஜெல்லி மாதிரிப் பொருள எடுக்குறாங்கன்னு எனக்கு காலேஜ்லதான் தெரியும். அப்புறம் பாத்தா நான் பிஎச்டியில ஆறு வருசம் மல்லுக்கட்டுன புழு வளர்றதே அகார் மேலதான். சீ எலிகன்ஸ், ஒரு மில்லிமீட்டர் நீளம், ஆயுசு ரெண்டு மூணு வாரம். 1993ல சிந்தியா கென்யன்ங்கிற விஞ்ஞானியோட குழு டாஃப்-2ன்னு ஒரே ஜீன்ல மாத்தம் இருக்குற புழு ரெண்டு மடங்கு வாழுதுன்னு காட்டுனாங்க. அதே வருசம்தான் ஏபிஓஇ-4ங்கிற ஜீன் வகைக்கும் வயசான காலத்துல வர்ற அல்சைமருக்கும் இருக்குற தொடர்பும் வெளிய வந்துச்சு. நான் பண்ணது என்னன்னா, அல்சைமர்ல மனுச மூளையில படியிற அமிலாய்டுங்கிற புரதத்த புழு உடம்புல உண்டாக்குனா அது அசைய முடியாமப் போயிடும், ஆயுசக் கூட்டுற ஜீன் மாத்தம் இருந்தா அது எத்தன நாள் தள்ளிப்போகுதுன்னு எண்ணுறது. தினமும் பிளாட்டினம் கம்பியால தொட்டுப் பாக்கணும், அசைஞ்சா ஒரு கோடு, அசையலன்னா இன்னொரு கோடு. தீபாவளி அன்னிக்கும்.

ஊர்ல எனக்குப் பேரு "மறதிக்கு மருந்து கண்டுபுடிக்கிற புள்ள". மூணாவது வருசம் அப்பத்தாவுக்கே வந்துச்சு.

மதுரையில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வயசு என்னன்னாங்க. ஆதார்ல ஜனவரி 1னு ஏதோ ஒரு வருசம், அது யாரோ எழுதுனது. அப்பத்தா கணக்கு வேற, "தனுஷ்கோடி புயலப்ப மூத்தவன் வயித்துல". அது 1964 டிசம்பர், அதுலருந்து நாங்களா கூட்டிக் கழிச்சுச் சொன்னோம். வயசாகுறதப் பத்தின ஆராய்ச்சியில நிரப்புற மொத கட்டமே வயசுதான், அதுவே எங்க கரையில இப்படித்தான் கெடக்கு. அடுத்து இன்னிக்குத் தேதி என்னன்னாங்க. "அமாவாச கழிஞ்சு நாலாம் நாளு, பாசிக்குப் போலாம்." நான் போன்ல பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. பேப்பர்ல சைபர். ஒரு வரி எழுதுங்கன்னு பேனாவ நீட்டுனாங்க, அவுக பெருவிரல நீட்டுனாக. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குன்னு 90கள்லயே அரியானா பல்லப்கர்ல இந்த மாதிரி மறதி டெஸ்ட் கேள்வித்தாள இந்தியில மாத்தி அமைச்சாங்க, நான் அத என் செமினார்ல ஸ்லைடு போட்டுப் பேசுனவ, ஆனா அங்க வாயத் திறக்கல. அதுக்காக டெஸ்ட் தப்பு, அப்பத்தாவுக்கு ஒன்னுமில்லன்னு சொல்றேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. வெளிய வந்து சாப்புடுறப்ப என்னையப் பாத்து "நீ யாரு வீட்டுப் புள்ளத்தா?"ன்னு கேட்டாக.

அன்னிக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரு ஜீனும் உதவல. எனக்கும் ஏபிஓஇ-4 இருக்கான்னு பாத்துக்க லேப்லயே வசதி இருந்துச்சு, ரெண்டு தடவ டியூப்ல பேர் எழுதிட்டு அழிச்சிட்டேன். டிஎன்ஏ வடிவத்தக் கண்டுபுடிச்சவங்கள்ல ஒருத்தரான ஜேம்ஸ் வாட்சனே 2007ல தன் மொத்த ஜீனோமையும், அதாவது தன்னோட டிஎன்ஏ பூராத்தையும், வெளியிட்டப்ப அந்த ஒன்ன மட்டும் மறைக்கச் சொன்னாரு, நான் எம்மாத்திரம். அந்த ஜீன் வகை ஒரு பிரதி இருந்தா ஆபத்து மூணு மடங்கும்பாங்க, அது பெரும்பாலும் ஐரோப்பியர்கள வச்சுப் போட்ட கணக்கு, இருந்தும் வராதவங்க உண்டு, இல்லாம வந்தவங்களும் உண்டு. உங்க அம்மாவுக்கு அறுபத்தஞ்சுக்கு மேலதான் வந்திருக்கும்னு நெனைக்கிறேன். நாப்பதுலயே வந்து, குடும்பத்துல வரிசையா இருந்தா அது ப்ரெசெனிலின்ங்கிற ஜீன் மாதிரி வேற கதை, அதுக்கு பரம்பரை நோய் பத்தி ஆலோசனை சொல்ற ஜெனடிக் கவுன்சிலரப் பாருங்க, என்னையக் கேக்காதீங்க.

சம்பந்தமில்லாம ஒன்னு சொல்லிக்கிறேன். லேப்ல அகார் டப்பா பில்லுல கையெழுத்துப் போடுறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும். அப்பத்தா நாள் பூரா உப்புத்தண்ணியில ஊறி, விரல் கிழிஞ்சு கொண்டாந்த பாசிக்கு யாவாரி கையில வச்சது அதுல ஒரு கரண்டிக்குக் கூட வராது. ஈரம்னு வேற கழிப்பான். இதெல்லாம் எந்த ஆராய்ச்சிப் பேப்பர்லயும் நன்றின்னு கடைசியில போட மாட்டாங்க, நானும் போடல.

சரி உங்க விசயம். புழுவா, மனுச டேட்டாவான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. மனுச டேட்டான்னா ஸ்டாட்டிஸ்டிக்ஸும் பைத்தானும் இப்பவே ஆரம்பிங்க, பயோடெக் டிகிரி மட்டும் பத்தாது. புழுன்னா லீவு கிடையாது, அம்மாவப் பாத்துக்க வீட்ல வேற ஆள் இருக்காங்களான்னு யோசிச்சுக்கங்க. பெல்லோஷிப் பணம் எனக்கு எட்டு மாசம் வராம இருந்துச்சு, கையில கொஞ்சம் காசு வச்சுக்கிட்டு சேருங்க.