ஃபோகஸ் புள்ளிகள் ஏன் நடுவிலேயே கூடி நிற்கின்றன?

ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, கேமராவின் ஆட்டோஃபோகஸ் புள்ளிகளை, அதாவது கேமரா தானாகவே தெளிவைச் (ஃபோகஸை) சரிசெய்யும் இடங்களைப் பற்றியே கேட்டிருந்தன. தனித்தனியாகச் சுருக்கமாகப் பதில் சொல்வதைவிட, ஒன்றோடொன்று தொடர்புள்ள இக்கேள்விகளுக்கே இந்தப் பக்கங்களை ஒதுக்குவது நல்லது என்று தோன்றியது.

கேள்வி: கிராப் சென்சார் (படம் பதிவாகும் சென்சார் சிறியதாக உள்ள) கேமராவில் சில ஆண்டுகள் படம் எடுத்த பிறகு, சேமித்த பணத்தில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) டிஎஸ்எல்ஆர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளையில்) பார்த்தால் ஃபோகஸ் புள்ளிகள் எல்லாம் நடுவில் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கின்றன. என் பழைய கேமராவில் அவை ஏறக்குறைய ஓரம் வரை பரவியிருந்தன. விலை கூடிய கேமராவில் இந்தக் குறை ஏன்? ஏமாந்துவிட்டேனா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நீங்கள் ஏமாறவில்லை. நீங்கள் கண்டது உண்மைதான். அதற்குக் காரணம், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியை வ்யூஃபைண்டருக்கு அனுப்பும் டிஎஸ்எல்ஆர் வகைக் கேமராவின் உள்ளமைப்பு.

டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸை அளக்கும் கருவி, படம் பதிவாகும் சென்சாரில் இல்லை. கண்ணாடிப் பெட்டியின் அடித்தளத்தில் தனியாக அமர்ந்திருக்கிறது. சாய்ந்து நிற்கும் பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி மட்டும் ஒளியில் ஒரு பங்கை ஊடுருவ விடும்படி பூச்சிடப்பட்டிருக்கும். அப்படி ஊடுருவிய ஒளியை, அதன் முதுகில் கீல் போட்டுப் பொருத்தியிருக்கும் இன்னொரு சிறு கண்ணாடி கீழ்நோக்கித் திருப்பி அளவுக் கருவிக்கு அனுப்புகிறது. லென்ஸின் எதிரெதிர் ஓரங்களின் வழியாக வந்த ஒளிக்கற்றைகள் அங்கே இரண்டு பிம்பங்களாக விழுகின்றன. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியைக் கொண்டு, லென்ஸை எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதைக் கேமரா கணக்கிட்டுக்கொள்கிறது.

இப்போது அந்தச் சிறு கண்ணாடியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஷட்டரை அழுத்தும்போதும் அது பெரிய கண்ணாடியோடு ஒட்டி மடிந்து மேலே போயாக வேண்டும். ஆகவே அதை விரும்பிய அளவுக்குப் பெரிதாக்க முடியாது. அது எட்டும் பரப்புக்கு வெளியே ஃபோகஸ் புள்ளி வைக்கவும் முடியாது. இன்னொரு தடையும் உண்டு. படத்தின் ஓரத்துக்கு வரும் ஒளிக்கற்றையை லென்ஸின் குழலும் விளிம்பும் ஒரு பக்கமாகச் சீவிவிடுவதால், இரு பிம்பங்களை ஒப்பிடும் வேலைக்கு வேண்டிய ஒளி அங்கே சரிவரக் கிடைப்பதில்லை.

நிக்கான் நிறுவனம் 2016 ஜனவரியில் ஒரே வேளையில் அறிவித்த டி5, டி500 ஆகிய இரண்டும் இதற்குச் சிறந்த சான்று. இரண்டிலும் இருப்பது ஒரே வகை ஃபோகஸ் கருவிதான்: 153 புள்ளிகள், அவற்றில் நாமே தேர்ந்தெடுக்கக்கூடியவை 55, மற்றவை துணைக்கு நிற்பவை. டி5 ஃபுல் ஃபிரேம் கேமரா என்பதால், அந்தப் புள்ளிக்கூட்டம் 36 மி.மீ. அகலமுள்ள படத்தின் நடுப்பகுதியை மட்டும் நிரப்புகிறது. டி500 கேமராவின் சென்சார் சுமார் 23.5 மி.மீ. அகலமே கொண்டது என்பதால், அதே கூட்டம் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. 2007-இல் வந்த டி3, டி300 ஆகியவற்றின் 51 புள்ளிகளும் இப்படித்தான் அமைந்திருந்தன. புள்ளிகள் சுருங்கவில்லை, அவற்றைச் சுற்றியுள்ள சட்டம் பெரிதாகிவிட்டது.

அசையாத பொருளை முக்காலி வைத்து எடுக்கும் வேளையில் இந்தக் கட்டத்தைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. பின்திரையில் படத்தைக் காட்டும் லைவ் வ்யூ முறைக்கு மாற்றினால், கண்ணாடி மேலே போய்விடும். ஃபோகஸை அளப்பது சென்சாரிலேயே நடக்கும். ஃபோகஸ் கட்டத்தை ஓரங்களுக்கு அருகில் வரை நகர்த்தலாம். பல டிஎஸ்எல்ஆர்களில் இது சற்று மெதுவாக வேலை செய்யும். ஆனால் கோயில் சிற்பமும் பூவும் நமக்காகக் காத்திருக்கக்கூடியவைதானே.

கேள்வி: நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து ஃபோகஸ் செய்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிப் படத்தை அமைப்பதுதான் என் வழக்கம். 50 மி.மீ. எஃப் 1.8 (மிக அகன்ற திறப்புள்ள) லென்ஸில் நெருக்கமாக எடுக்கும் முகப்படங்களில் கண் மங்கி, காது தெளிவாக இருக்கிறது. லென்ஸில் கோளாறா? (மதுரை வாசகர், திருமண ஒளிப்படக்காரர்)

பதில்: லென்ஸைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் வழக்கத்தைச் சோதித்துப் பாருங்கள். இங்கே சற்றுக் கணக்குப் போடத்தான் வேண்டும். பொறுமையாகப் படித்தால் பிறகு மறக்காது.

லென்ஸ் ஒரு தூரத்தில் ஃபோகஸ் ஆகிறது என்றால், கேமராவுக்கு நேர் எதிரே சுவர்போல நிற்கும் ஒரு தளம் முழுவதும் தெளிவாகிறது என்று பொருள். நடுப்புள்ளியைக் கண்ணில் வைக்கும்போது அந்தச் சுவர் கண்ணைத் தொட்டு நிற்கிறது. கேமராவைத் திருப்பியதும் சுவரும் அதனோடு சேர்ந்து திரும்பி, கண்ணுக்குப் பின்னால் போய்விடுகிறது. அதனால்தான் உங்கள் படங்களில் காது தெளிவாக விழுகிறது.

ஃபுல் ஃபிரேம் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, 1 மீட்டர் தூரத்தில் இருப்பவரை 50 மி.மீ. லென்ஸில் எடுப்பதாகக் கொள்வோம். படத்தின் மேல் விளிம்பிலிருந்து ஆறில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில் கண் வர வேண்டுமானால், கேமராவை ஏறக்குறைய 13.5 பாகை திருப்ப வேண்டும். அப்போது தெளிவுத் தளம் கண்ணுக்குப் பின்னால் சுமார் 2.8 செ.மீ. நகர்ந்துவிடும். எஃப் 1.8 திறப்பில் அந்தத் தூரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழமோ மொத்தமே 4.3 செ.மீ. அளவுதான், தளத்துக்கு முன்னால் பாதி, பின்னால் பாதி என்று வைத்துக்கொண்டால், கண் அந்த எல்லைக்கு வெளியே விழுந்துவிடுகிறது. இதோடு, கேமராவைத் திருப்பும்போது நம்மை அறியாமல் உடலும் முன்னும் பின்னும் சாய்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் 2 செ.மீ. சாய்வு எளிதில் நேர்ந்துவிடும்.

ஆனால் நடுப்புள்ளி வழக்கம் எப்போதுமே தவறு என்று சொல்ல மாட்டேன். இதே படத்தில் கண் மூன்றில் ஒரு பங்கு இறங்கி அமைந்தால், திருப்பும் கோணம் 7 பாகைக்குள் அடங்கிவிடும். பிழையும் 7 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். கோணம் பாதியானால் பிழை கால் பங்காகிறது என்பதே இந்தக் கணக்கின் சாரம். எனவே ஓரப்புள்ளி கண்ணைச் சரியாக எட்டாவிட்டாலும் கவலை இல்லை. கண்ணை நோக்கிப் பாதி வழியில் இருக்கும் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தாலே பிழையில் முக்கால் பங்கு போய்விடும். மீதிப் பாதிக்கு மட்டும் கேமராவைத் திருப்புங்கள். மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நின்று எஃப் 5.6-இல் எடுக்கும் குழுப்படத்தில், தெளிவின் ஆழம் மிகுதியாக இருப்பதால், நடுப்புள்ளியே போதும்.

நகரும் பொருளைத் தொடரும் முறையில் கேமராவை வைத்துக்கொண்டு இவ்வழக்கத்தைப் பின்பற்றவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த முறையில் பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும் வரை கேமரா ஃபோகஸை மாற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் திருப்பிய உடனே நடுப்புள்ளிக்குள் வந்த பின்னணியைப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸ் வேலையைப் பின்புறப் பொத்தானுக்கு மாற்றி, வேண்டும்போது மட்டும் அதை அழுத்தப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கல்யாண மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் ஓரப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கிறது, நடுப்புள்ளியில் அப்படி இல்லை. புள்ளிகளுக்குள்ளும் தரவேறுபாடு உண்டா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: உண்டு. வ்யூஃபைண்டரில் எல்லாம் ஒரேபோன்ற சிறு கட்டங்களாகத் தெரிவதால் பலரும் இதை அறியாமலே இருக்கிறார்கள்.

ஒரு திசையில் மட்டும் அளக்கும் புள்ளியை வரிப்புள்ளி என்றும், இரு திசைகளிலும் அளக்கும் புள்ளியைக் குறுக்குப்புள்ளி என்றும் சொல்லலாம். செங்குத்துக் கோடுகளை மட்டும் உணரும் வரிப்புள்ளியைப் பட்டு வேட்டியின் கிடைக்கரையில் வைத்தால், அதற்கு அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, எனவே தேடுகிறது. நிக்கான் டி750 கேமராவின் 51 புள்ளிகளில் 15 மட்டுமே குறுக்குப்புள்ளிகள். அவையும் நடுவிலுள்ள மூன்று நிரல்களில் அடங்கிவிடுகின்றன. கேனான் 6டி கேமராவின் 11 புள்ளிகளில் நடுவிலுள்ள ஒன்று மட்டுமே குறுக்குப்புள்ளி. நிலவொளி அளவுக்கு மங்கிய வெளிச்சத்திலும் வேலை செய்யக்கூடியதும் அந்த ஒன்றுதான். உங்கள் கேமராவின் கையேட்டில் எந்தப் புள்ளி எந்த வகை என்று காட்டும் வரைபடம் இருந்தால், அதைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். புள்ளிகளின் எண்ணிக்கையைவிட அந்த வரைபடத்தையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

சில கேமராக்களில் எஃப் 2.8 அல்லது அதைவிட அகன்ற திறப்புள்ள லென்ஸ் மாட்டினால் மட்டும் கூடுதல் துல்லியம் தரும் புள்ளிகளும் உண்டு. லென்ஸின் விளிம்பில் ஒன்றுக்கொன்று மிகவும் விலகிய இரு இடங்களிலிருந்து வரும் ஒளியை அவை ஒப்பிடுவதே காரணம். இங்கே கணக்கில் வருவது லென்ஸின் அதிகபட்சத் திறப்பு மட்டுமே. நீங்கள் எஃப் 8 என்று வைத்திருந்தாலும், டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் நடக்கும்போது லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும்.

மண்டபத்தில் உடனடியாகச் செய்யக்கூடியது இதுதான்: முகத்தின் தட்டையான கன்னத்தில் புள்ளியை வைக்காமல், புருவமோ கண்ணிமையோ நெற்றிச்சுட்டியின் ஓரமோ போன்று வெளிச்சமும் நிழலும் கூர்மையாகப் பிரியும் இடத்தில் வையுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால், கேமராவைச் சற்றே சாய்த்து ஃபோகஸ் செய்துவிட்டு நிமிர்த்துங்கள்.

கேள்வி: மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் படம் முழுவதும் புள்ளிகள் இருக்கின்றன, கண்ணையும் அதுவே கண்டுபிடிக்கிறது. இனி புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை என்று நண்பர் சொல்கிறார். சரியா? (கோவை வாசகர்)

பதில்: பாதி சரி. அளவு சென்சாரின் மேலேயே நடப்பதால், கண்ணாடியால் வந்த எல்லை போய்விட்டது. 2018-இல் வந்த சோனி ஏ7 III கேமராவின் 693 புள்ளிகள் படப்பரப்பில் சுமார் 93 விழுக்காட்டை நிரப்பின. டிஎஸ்எல்ஆரில் தனிக் கருவிக்கும் சென்சாருக்கும் இடையே நுண்ணிய வேறுபாடு வந்து ஃபோகஸ் தொடர்ந்து முன்னோ பின்னோ விழும் தொல்லையும் இங்கே பெரிதும் நீங்கியது.

ஆயினும் இரண்டு விஷயங்கள் மாறவில்லை. பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களில் சென்சாரின் மேலுள்ள புள்ளிகள் ஒரே திசையில் அளப்பவையே. ஜன்னலின் கிடைக்கம்பிகளில் ஃபோகஸ் பிடிக்காமல் திணறும் கேமரா, செங்குத்தாகத் திருப்பிப் பிடித்ததும் சட்டென்று பிடித்துக்கொள்வதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 2022-இல் வந்த ஓஎம்-1, 2024-இல் வந்த கேனான் ஆர்1 போன்ற சிலவற்றில்தான் சென்சாரிலேயே குறுக்கு அளவும் நடக்கிறது.

இரண்டாவது, தேர்வை முழுவதுமாகக் கேமராவிடம் விட்டால், அது பெரும்பாலும் மிக அருகில் இருப்பதையே பிடிக்கும். மணமேடையில் தாலி கட்டும் நொடியில் அட்சதை தூவிய கை ஒன்று குறுக்கே வர, மணமக்களின் முகங்கள் மங்கி அந்தக் கையின் மோதிரம் மட்டும் பளிச்சென்று விழுந்த படம் என்னிடமும் ஒன்று இருக்கிறது. அந்த நொடி திரும்ப வராது. கண்ணைக் கண்டறியும் வசதியும், இரண்டு முகங்கள் இருந்தால், யாருடைய கண் என்பதை உங்களிடம் கேட்பதில்லை. நீங்கள் விரும்பும் முகத்தின் மேல் ஒரு சிறு பகுதியை முதலில் குறித்துவிட்டு, அதற்குள் கண்ணைத் தேடும்படி விடுவதே நம்பகமான வழி.

கேள்வி: என்னிடம் 9 புள்ளிகள் மட்டுமே உள்ள கேனான் 1500டி இருக்கிறது. மகளின் கபடிப் போட்டியை எடுக்க இது போதுமா? (நாமக்கல் வாசகி)

பதில்: போதும், அம்மா. 1985-இல் வந்த மினோல்டா 7000 கேமராவின் ஆட்டோஃபோகஸ் படத்தின் நடுவில் ஒரே ஓர் இடத்தில்தான் வேலை செய்தது. அதைக் கொண்டும் விளையாட்டுப் படங்களை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கேமராவில் நடுப்புள்ளிதான் குறுக்குப்புள்ளி. அதை மட்டும் தேர்ந்தெடுத்து, நகரும் பொருளைத் தொடரும் ஏஐ சர்வோ முறையில் வைத்து, பாடி வரும் வீராங்கனையின் மார்பளவில் புள்ளியை நிறுத்தித் தொடருங்கள். எண்ணும் சின்னமும் பொறித்த சட்டையில் புள்ளிக்குப் பிடிமானம் நன்றாகக் கிடைக்கும். சட்டத்தை இறுக்கமாக நிரப்பாமல் சுற்றிலும் சற்று இடம் விட்டே எடுங்கள். 24 மெகாபிக்சல் படத்தில் பிறகு வெட்டி அமைத்துக்கொள்ளத் தாராளமாக இடம் இருக்கும். போட்டிக்கு முன்பு நடக்கும் பயிற்சிக்கு ஒரு நாள் போய், ஓடுபவர் மேல் புள்ளியை விடாமல் வைத்திருக்கப் பழகிக்கொள்ளுங்கள்.