மோட்டோகிராஸா எண்டூரோவா: பள்ளத்தூர் தம்பியோட கேள்வி

கேள்வி: அண்ணே வணக்கம், பள்ளத்தூர்ல இருந்து எழுதுறேன், வயசு 22, எடை 60 கிலோ. ரொம்ப நாளா டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் மேல ஆசை. பெங்களூர்ல பழைய வண்டி ரெண்டு விலைக்கு வருது, ஒண்ணு யமஹா ஒய்இசட் 125, இன்னொண்ணு ஒய்இசட் 125 எக்ஸ். முதல்ல உள்ளது மோட்டோகிராஸ் (மண் டிராக்ல ஜம்ப் அடிச்சு ரேஸ் ஓட்டுறது), எக்ஸ் எண்டூரோ (காடு, கல்லு, மேடுன்னு ரொம்ப தூரம் ஓட்டுறது) மாதிரின்னு சொல்றாங்க, ஆனா அதுலயும் ஹெட்லைட் இல்ல, அப்புறம் என்னதான்ணே வித்தியாசம்? தைலமரக்காடு, மஞ்சுவிரட்டு பொட்டல், வத்துன கண்மாய், இங்கெல்லாம்தான் ஓட்டப் போறேன்.

பதில்: தம்பி, கடைசி வரியில பதில நீங்களே சொல்லிட்டீங்க, எக்ஸ எடுங்க.

ரெண்டுக்கும் ஃப்ரேம் ஒண்ணு, ஆறு கியர், கிக்கர்தான், பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஓட்டுனாதான் தெரியும். ஒய்இசட் 125ல பவர் பூராம் மேல ஆர்பிஎம்லதான், அதாவது இன்ஜின் வேகமா சுத்துறப்பதான் கிடக்கு, கீழ இருக்கப்ப வண்டி தூங்குது, எக்ஸாஸ்ட் வழியில இருக்கற பவர் வால்வு தொறந்ததும் பிச்சுக்கிட்டு போகும், டிராக்ல அதுதான் சுகமே. ஆனா தைலமரக்காட்டுல வரிசைக்கு நடுவுல, சருகுல வழுக்கி, கட்டைய சுத்தி ரெண்டாவது கியர்ல போறப்ப அந்த பவர் வராது, நீங்க கிளட்ச்ச அமுக்கி அமுக்கி விட்டுட்டே போகணும், கை செத்துப்போகும். எக்ஸ்ல கம்ப்ரஷன் குறைவு, டியூனிங்கும் வேற, அதனால நடு ஆர்பிஎம்லயே இழுக்கும். சஸ்பென்ஷனும் அப்படித்தான், மோட்டோகிராஸ்ல ஜம்ப்ல இருந்து விழறத தாங்குறதுக்கு டைட்டா வச்சிருப்பான், நம்ம ஊரு செம்புராங்கல் மேல மெதுவா போனா ஒவ்வொரு கல்லும் முதுகுல தெரியும். பின் வீல் அதுல 19 இன்ச், எக்ஸ்ல 18, டயரோட பக்கவாட்டு உயரம் கூட, கல்லுல அடிச்சா ட்யூப் நசுங்கி பஞ்சர் ஆகறது குறையும். கருவேல முள்ளுக்கு ரெண்டும் ஒண்ணுதான், தடிமனான ட்யூபா பாத்து போட்டுக்கங்க. எக்ஸ்ல சைடு ஸ்டாண்டு உண்டு, இன்னொண்ணுல கிடையாது, இறங்குனா மரத்துலதான் சாய்க்கணும், பொட்டல்ல மரத்துக்கு எங்க போறது?

ரெண்டுலயும் ரேடியேட்டருக்கு ஃபேன் இல்லங்கறத மறந்துராதீங்க. அக்னி நட்சத்திர வெயில்ல பொட்டல்ல நின்னுக்கிட்டே முறுக்குனா கூலன்ட் கொதிச்சு வெளிய வந்துரும், காலையில ஓட்டி ஒன்பது மணிக்கெல்லாம் முடிச்சுருங்க. பெட்ரோல்ல ஆயில் கலக்கணும், யமஹா சொல்றது 30:1, அதாவது லிட்டருக்கு 33 மில்லி, நல்ல 2டி ஆயில். கலந்தத வாரக்கணக்கா கேன்ல வைக்காதீங்க, இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் ஈரத்த இழுக்கும். பிஸ்டன் மாத்துறதுக்கு கணக்கு கிலோமீட்டர் இல்ல, ஓடுன மணி நேரம், அதனால ஹவர் மீட்டர் இருக்கான்னு கேளுங்க, "ஃப்ரெஷ் இன்ஜின்" அப்படின்னு வாயால சொன்னா நம்பாதீங்க, பில்ல காட்டச் சொல்லுங்க. வண்டி சூடாகாம இருக்கப்ப நீங்களே கிக்கர் அடிச்சுப் பாருங்க, ஃப்ரேம் நம்பரும் கஸ்டம்ஸ் பேப்பர்ல உள்ள நம்பரும் ஒத்துப்போகுதான்னும் பாத்துருங்க. சீட் ஒரு மீட்டர் உயரத்த ஒட்டி இருக்கும், ஏறி உக்காந்து பாக்காம அட்வான்ஸ் குடுக்க வேணாம்.

ரெண்டையும் ரோட்ல ஓட்ட முடியாது, நம்பர் பிளேட்டே கிடைக்காது. பள்ளத்தூர்ல இருந்து பொட்டலுக்கு குட்டியானையிலதான் ஏத்திட்டுப் போகணும், அந்த வாடகைய இப்பவே கணக்குல சேத்துக்கங்க. தைலமரக்காடு சும்மா கிடக்குன்னு நினைக்காதீங்க, யாருதுன்னு விசாரிச்சு கேட்டுட்டு இறங்குங்க. கண்மாய்க் கரை மேல மட்டும் ஏத்தவே ஏத்தாதீங்க, டயர் பறிச்ச தடத்துல மழைத்தண்ணி இறங்கி கரை அரிச்சுரும், ஊர்க்காரங்க அடிக்க வந்தா நான் உங்க பக்கம் பேச மாட்டேன்.

கேள்வி: அண்ணே, அப்பாவோட ஆர்எக்ஸ் 100 வீட்டுல சும்மா நிக்குது. முள்ளு டயர் போட்டு எண்டூரோ ஆக்கலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: வேணாம். 98 சிசி, ஏர் கூல்டு, பின் ஷாக்குல ஏறி இறங்க இடமே இல்ல, ரெண்டு தடவ துள்ளுனா சேசிஸ் போயிரும். அப்பாகிட்ட கேட்டீங்களா முதல்ல?