பீரோ வாங்குவதற்கு முன் தராசை எடுங்கள்

கேள்வி: சில ஆண்டுகளாகக் குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துச் செய்யும் ஒட்டுப் போர்வை, தைத்துவருகிறேன். ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு போர்வைகள் முடிப்பேன். ஆனால் துணி சேர்வது அதைவிட வேகம். திருப்பூரில் கிலோ கணக்கில் வாங்கிய கட் பீஸ், கொலுவுக்கு வந்த பிளவுஸ் பிட், உறவினர்கள் தந்த பழைய சேலைகள், கண்காட்சிகளில் ஆசைப்பட்டு வாங்கிய அச்சுத் துணிகள் என்று ஒரு பீரோவும் இரண்டு டிரங்குப் பெட்டிகளும் நிறைந்து, இப்போது பரணிலும் மூட்டைகள் ஏறிவிட்டன. தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. மறுபடியும் கடைக்குப் போகிறேன். சில துணிகளில் பழுப்புப் புள்ளிகளும் விழுந்திருக்கின்றன. மகளுக்கு இது ஏழாம் மாதம். பேரக்குழந்தைக்கு ஒரு சிறு போர்வை தைக்க வேண்டும். இன்னொரு பீரோ வாங்கலாமா, அல்லது வேறு வழி உண்டா? – வாசகி, கோவை

பதில்: பீரோ வேண்டாம். இப்போது வாங்கினால் அதுவும் தீபாவளிக்குள் நிறைந்துவிடும். முதலில் உங்களிடம் இருப்பது எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு மடித்து எண்ண வேண்டியதில்லை, எடை போட்டால் போதும். கொக்கியில் தொங்கவிட்டுப் பார்க்கும் சிறிய தராசு ஒன்று இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்துவிடும்.

பாப்ளின் போன்ற நடுத்தரப் பருத்தித் துணி, 44 அங்குல அகலத்தில் மீட்டருக்கு ஏறக்குறைய 130 முதல் 140 கிராம் இருக்கும். ஆகவே ஒரு கிலோவுக்கு ஏழு மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஒற்றைக் கட்டிலுக்கான 60க்கு 90 அங்குலப் போர்வையின் மேல்துணிக்கு, தையலில் போவதையும் சேர்த்துச் சுமார் ஐந்து மீட்டர் பிடிக்கும். எடையில் சொன்னால் 700 கிராமுக்குள். உங்களிடம் 40 கிலோ இருப்பதாக வைத்துக்கொண்டால் அது கிட்டத்தட்ட அறுபது போர்வைக்கான துணி. ஆண்டுக்கு நான்கு என்று தைத்தால் பதினைந்து ஆண்டுகள் ஓடும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பலருக்குக் கண்காட்சி ஆசை தானாகவே அடங்கிவிடுகிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்கான கையிருப்பு நியாயமானது என்பது என் கருத்து. அதற்கு மேல் இருப்பதில் எது போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் உங்கள் வேலை, அடுக்குவது அதற்குப் பின்.

பெரும்பாலானோர் நிறவாரியாகப் பிரிக்கத் தொடங்குகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சிவப்பு அடுக்கில் பருத்தியும் பாலியஸ்டரும் பனியன் துணியும் பட்டும் ஒன்றாகக் கிடந்தால், தைக்க உட்காரும்போது மறுபடியும் முதலிலிருந்து பிரிக்க வேண்டும். முதல் பிரிப்பு நூலின் வகைப்படி இருக்கட்டும், இரண்டாவது அளவுப்படி. நிறம் கடைசியில் வரட்டும்.

கொலுவுக்கு வந்த பிளவுஸ் பிட்டுகளில்தான் குழப்பம் அதிகம். பார்வைக்கு எல்லாம் பருத்தி போலவே இருக்கும். ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவிச் சிறு திரியாக முறுக்குங்கள். தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல், இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரிகிற வாசனையோடு, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுடரைக் கண்டதும் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான கரிய மணியாக நிற்கும். பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும். சுடரை விலக்கினால் தானே அணையும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் அது கலப்புத் துணி. ‘டூ பை டூ’ என்ற பருத்தி பிளவுஸ் துணி கிடைத்தால் விடாதீர்கள். நெருக்கமான நெசவு, மேட்சிங் சென்டர் முழுக்க அத்தனை ஒற்றை நிறங்கள். ஒட்டுவேலைக்கு அதைவிடத் தோதான துணி நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது அரிது.

நூலின் வகை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பருத்தி துவைத்ததும் சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முதல் சலவையிலேயே போர்வை சுருக்கம் விழுந்து இழுத்துக்கொள்ளும். திருப்பூர் பனியன் துணி இழுத்தால் நீளும் என்பதால், பின்புறம் ஒட்டுக் கேன்வாஸ் வைத்துத் தேய்க்காமல் நெய்த துணியோடு சேர்த்துத் தைக்கக் கூடாது. அந்த மெனக்கெடல் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் பனியன் துணி மூட்டையை மொத்தமாக ஒதுக்கிவிடுங்கள்.

பழுப்புப் புள்ளிகளுக்கு வருகிறேன். அவை பீரோவின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த ஓரங்களில் மட்டும் இருந்தால் துருக்கறை. வெள்ளைப் பருத்தியானால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவிச் சற்று நேரம் வைத்திருந்து அலசலாம். நிறத் துணியில் சாயம் வெளுக்கக்கூடும் என்பதால் மூலையில் சோதித்துப் பாருங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், அது துருவை இன்னும் அழுத்தமாக்கிவிடும். புள்ளிகள் கருமையாக, முக்கல் வாடையோடு பரவலாக இருந்தால் பூஞ்சணம். துவைத்து நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். மேற்பரப்பைச் சுரண்டியதுபோல ஒழுங்கற்ற ஓட்டைகள் இருந்தால் இராமபாணப் பூச்சியின் வேலை. அதற்குத் துணியைவிடத் துணியில் உள்ள கஞ்சிதான் விருந்து. கைத்தறித் துணியையும் புதுத் துணியையும் கஞ்சி போக அலசாமல் மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால் பூச்சிக்கு இலை போட்டுப் பரிமாறியதாகிவிடும்.

ஆகவே வாங்கிய துணி அலமாரிக்குள் நுழையும் முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது சுருங்கும், சாயம் போகிறதா என்றும் தெரிந்துவிடும். சுங்குடி, நீலச்சாயம், அடர்சிவப்பு ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. ஒரு மூலையை நனைத்து, மேலே பழைய வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், தண்ணீர் தெளியும்வரை அந்தத் துணியைத் தனியாக அலச வேண்டும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிலைக்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். கடைத்துணியின் இன்றைய சாயங்களுக்கு அது உதவாது.

இனி மடிப்பு. நீங்கள் வெட்டப் பயன்படுத்தும் 6 அங்குல அகல அளவுகோலே இதற்கும் போதும். துணியைக் கரையோடு கரை சேர்த்து நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 22 அங்குலம் வரும். துணியின் ஒரு முனையில் அளவுகோலைக் குறுக்காக வைத்து, தளர்வாகச் சுற்றிக்கொண்டே போங்கள். முடிந்ததும் அளவுகோலை உருவிவிட்டு நடுவில் ஒரு மடிப்பு. எல்லாத் துணியும் ஏறத்தாழ 6க்கு 11 அங்குலமாக ஒரே அளவில் அமையும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், புத்தகங்களை நிறுத்துவதுபோல மடிப்பு முன்னால் தெரிய நிறுத்துங்கள். ஒன்றை உருவினால் மற்றவை சரியாது, அடியில் புதைந்து மறந்துபோவதும் இல்லை. பீரோ தட்டில் முதலில் பழைய வேட்டியை விரித்துவிட்டால் துரு அண்டாது.

நிறம் பிரிக்கும்போது ஒரு சிறு உத்தி. அடுக்கை அலைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். நீலமும் சிவப்பும் வேறு வேறு என்று நினைத்திருப்பீர்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக வந்து நிற்கும். போர்வையில் உருவம் எடுப்பாகத் தெரிவது வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்ற வேறுபாட்டால்தான். பெரும்பாலோர் கையில் நடுத்தரம்தான் குவிந்து கிடக்கும், வெளிர் நிறம் பற்றாக்குறையாக இருக்கும். இனிக் கடைக்குப் போனால் அதை மட்டும் வாங்குங்கள்.

துண்டு துணிகளை என்ன செய்வது? இங்கே இரக்கம் கூடாது. கால் அங்குலத் தையல் விட்டால், இரண்டரை அங்குலச் சதுரம் தைத்த பின் இரண்டு அங்குலமாகும். அதாவது துணியில் 36 சதவீதம் தையலுக்குள் போய்விடும். ஒன்றரை அங்குலச் சதுரமானால் பாதிக்கு மேல், 56 சதவீதம், உள்ளே மறைந்துவிடும். சிறு துண்டைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத் துணியையும் நூலையும் கண்ணையும் செலவழிக்கிறோம். ஆகவே ஐந்து அங்குலச் சதுரம், இரண்டரை அங்குலப் பட்டை என்ற இரண்டே அளவில் வெட்டி இரண்டு டப்பாவில் வையுங்கள். அதற்கும் சிறியது தலையணைக்குள் அடைக்கப் போகட்டும். கர்நாடகத்தின் வடகன்னடத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் கவண்டி என்ற ஒட்டுப் போர்வையைத் தைக்கும்போது, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி, கைக்குக் கிடைத்த துண்டை வைத்துத் தைத்துக்கொண்டே போவார்கள். அப்படிக் கையால் தைக்கப் பொறுமை இருந்தால் இந்த அளவுக் கணக்கை மீறலாம்.

உறவினர்களின் பருத்திச் சேலைகளை மேல்துணிக்காகத் துண்டாக்காதீர்கள். ஐந்தரை மீட்டர் சேலையை நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் பக்கவாட்டில் இணைத்தால் ஒற்றைக் கட்டில் போர்வைக்கு அடித்துணி தயார். வெட்டும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகியிருந்தாலோ, இரு கையால் லேசாக இழுத்ததும் கிழிந்தாலோ வேண்டாம். பட்டுச் சேலைகளைப் பருத்தித் துணியில் சுற்றித் தனியே வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டுவதைவிடப் பழைய தலையணை உறை மேல். மழைக்காலத்தில் ஈரம் உள்ளே சிக்காது. பாதியில் நிற்கும் வேலைகளை ஒவ்வொன்றாக ஓர் உறையில், அதற்கான நூல், வரைபடத்தோடு போட்டுவிடுங்கள். பூச்சிக்கு வேப்பிலையையும் வசம்பையும் சிறு துணிமுடிச்சாகக் கட்டி வைக்கலாம். வாசனை குறைந்ததும் மாற்ற வேண்டும். அவற்றை மட்டும் நம்பிக் கஞ்சியோடு துணியை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் பீரோவில் நாப்தலின் உருண்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் பேரக்குழந்தையின் போர்வைக்கு அதிலிருந்து துணி எடுக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, நாப்தலின் வைத்த துணியின் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடக்கூடும். குறைபாடு இருப்பது பிறக்கும் முன் பொதுவாகத் தெரியாது. புதிய மெல்லிய பருத்தியை எடுத்து, துவைத்து, வெயிலில் உலர்த்தித் தையுங்கள். பட்டன், மணி எதுவும் வேண்டாம். முதல் வருடம் அதைத் தரையில் விரித்து, விழித்திருக்கும் குழந்தையை விளையாட விடலாம். தூங்கும்போது மேலே போர்த்த வேண்டாம்.

ஒதுக்கிய பனியன் துணியை ஒர்க்‌ஷாப்காரர்கள் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். பாலியஸ்டர் பிளவுஸ் பிட்டுகளில் உள்பை தைக்கலாம், மிஞ்சியது அடுத்த நவராத்திரிக்குத் தாம்பூலப் பையாகட்டும். இவற்றை இந்த வாரமே வீட்டைவிட்டு அனுப்புங்கள். பரணில் ஏறிய மூட்டை தானாக இறங்காது. பரண் காலியான பிறகும் இடம் போதவில்லை என்றால் எழுதுங்கள், பீரோவைப் பற்றி அப்போது பேசலாம்.