அல்சைமரும் மைட்டோகாண்ட்ரியாவும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அல்சைமருக்கு அமிலாய்டுதான் காரணம் என்று படித்திருக்கிறேன். இப்போது மைட்டோகாண்ட்ரியா என்கிறார்கள். எது உண்மை?

இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. அமிலாய்டு, நோயாளியின் மூளையில் படியும் புரதத் துணுக்கு. மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் உறுப்பு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போதும் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் மைட்டோகாண்ட்ரியா தளர்ந்தால் முதலில் அடி வாங்குவது நரம்பணுக்கள். வயதாகும்போது ஏற்படும் இந்தத் தளர்வுதான் தொடக்கம், அமிலாய்டு அதன் பின்விளைவு என்ற கருதுகோளை 2004-ல் ஆய்வாளர்கள் ஸ்வெர்ட்லோவும் கானும் முன்வைத்தார்கள்.

ஆனால் பரம்பரையாக இளவயதிலேயே வரும் அல்சைமரில், அமிலாய்டு உற்பத்தியை மாற்றும் மரபணுப் பிழை ஒன்றே நோயைக் கொண்டுவந்துவிடுகிறது. அங்கே அமிலாய்டுதான் முதலில். முதுமையில் வரும் வகையில் இது ஒன்றையொன்று மோசமாக்கும் சுழல் என்றே கொள்ளலாம். அமிலாய்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து, சைக்ளோபிலின் டி என்ற புரதத்தோடு ஒட்டி, சவ்வில் துளை திறக்க வழி செய்கிறது. நரம்பணுவின் உள்கட்டமைப்பைத் தாங்கும் டௌ புரதம் கெட்டுப்போனால், நரம்பிழையின் கடைக்கோடியில் உள்ள சினாப்ஸுக்கு (நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் சந்திப்பு) மைட்டோகாண்ட்ரியா போய்ச் சேருவது தடைப்படுகிறது. ஞாபக மறதியின் தீவிரம் அமிலாய்டுப் படிவின் அளவைவிட சினாப்ஸ் இழப்போடுதான் அதிகம் ஒத்துப்போகிறது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, ஆரம்பநிலை அல்சைமர். கோஎன்சைம் க்யூ10, வைட்டமின் இ இரண்டும் வாங்கிக் கொடுக்கலாமா?

மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் உண்டாக்க உதவும் பொருளான க்யூ10 வேண்டாம். 2012-ல் வெளியான ஆய்வில் நோயாளிகளுக்கு 400 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். தண்டுவட நீரில் எந்த அளவீடும் மாறவில்லை. அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்கு வைட்டமின் இ, வைட்டமின் சி, லிபோயிக் அமிலம் மூன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் ஒரு குறியீடு குறைந்தது. ஆனால் நினைவாற்றல் மதிப்பெண் மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தது. ஆய்வக எண் நன்றாக இருப்பதால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று ஆகிவிடாது.

வைட்டமின் இ தனியாக என்றால் கதை கொஞ்சம் வேறு. 2014-ல் வெளியான ஆய்வில் தினம் 2000 ஐயூ (வைட்டமின்களை அளக்கும் பன்னாட்டு அலகு) எடுத்தவர்களுக்கு உடுத்துவது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளில் வரும் சரிவு சற்று மெதுவானது. நினைவாற்றல் தேர்வுகளில் பலன் தெரியவில்லை. 2000 ஐயூ பெரிய அளவு, ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். அப்பா ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கிறார் என்றால் நீங்களாகத் தொடங்கவே கூடாது. க்யூ10-ஓ நேர்மாறாக வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடக்கூடும். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லி ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பாருங்கள்.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்துதானே வருகிறது? அம்மாவுக்கு அல்சைமர் இருந்தது. எனக்கு வருவது உறுதியா?

உறுதி இல்லை. தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் 37 மரபணுக்கள்தான். மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் 13 மட்டுமே அங்கிருந்து வருகின்றன. மற்றவை உட்கருவின் மரபணுக்களிலிருந்து, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும். முதுமை அல்சைமரில் இதுவரை தெரிந்த பெரிய மரபணுக் காரணி ஏபிஓஇ4 என்ற மரபணு வகை, அதுவும் உட்கருவில்தான். அது இருந்தும் நோய் வராதவர்கள் நிறைய.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியா கெட்டிருப்பதை ரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியுமா?

அல்சைமருக்கென்று அப்படியொரு பரிசோதனை மருத்துவப் புழக்கத்தில் இல்லை. எஃப்டிஜி பெட் ஸ்கேன் மூளை குளுக்கோஸை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும், மைட்டோகாண்ட்ரியாவை நேரடியாகக் காட்டாது. பி-டௌ 217 ரத்தப் பரிசோதனை சொல்வதும் அமிலாய்டு, டௌ சமாச்சாரம்தான்.

கேள்வி: இப்போது தரும் மருந்துகளில் எதாவது மைட்டோகாண்ட்ரியாவைச் சரிசெய்கிறதா?

அதற்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. டோனெபெசில், மூளையில் நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சிதைவதைத் தடுக்கிறது. லெக்கானிமேப் அமிலாய்டை அகற்றுகிறது. 18 மாத ஆய்வில் நோய்ச் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது, கூடவே மூளை வீக்கம், நுண்கசிவு அபாயமும் உண்டு.

மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பதாகப் பெரிதும் பேசப்பட்ட லாட்ரெபிர்டின், 2008 ஆய்வில் அசத்திவிட்டு 2010-ன் பெரிய ஆய்வில் கவிழ்ந்தது. யூரோலித்தின் ஏ என்ற பொருள் பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லே அப்புறப்படுத்தத் தூண்டுகிறது. அல்சைமர் மாதிரி எலிகளில் நினைவாற்றல் மேம்பட்டது. எலியிடம் பலித்து மனிதரிடம் பலிக்காத அல்சைமர் மருந்துகளின் பட்டியல் நீளமானது, அதனால் அதை இப்போதே வாங்கச் சொல்லமாட்டோம்.

கேள்வி: எம்சிடி எண்ணெய்?

எம்சிடி என்பது உடல் எளிதில் கீட்டோனாக மாற்றும் கொழுப்பு. கீட்டோன், குளுக்கோஸுக்கு மாற்றான எரிபொருள். நோயாளியின் மூளை குளுக்கோஸை உறிஞ்சத் தடுமாறினாலும் கீட்டோனை எடுத்துக்கொள்ளும் திறன் பெரிதும் மிஞ்சியிருக்கிறது. அதுதான் இதன் அடிப்படை, நல்ல அடிப்படைதான். லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தினம் 30 கிராம் கொடுத்து ஆறு மாதம் பார்த்ததில் சில தேர்வுகளில் முன்னேற்றம். அல்சைமர் முற்றியவர்களுக்கு இதை நம்பிப் பயனில்லை. எடுத்தவுடன் முழு அளவு கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரக்கூடும். 5 கிராமில் தொடங்கி, உணவோடு, வாரக்கணக்கில் ஏற்றவேண்டும்.

கேள்வி: மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குமாமே. சர்க்கரை நோயாளியான அம்மாவுக்கு நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாக்கும் சுவாசச் சங்கிலியின் முதல் கூட்டமைப்பை அது தடுப்பது ஆய்வகத்தில், அதிகச் செறிவில் தெளிவாகத் தெரிவது. கட்டுப்பாடற்ற சர்க்கரை மூளைக்குச் செய்யும் கேடு அதைவிட நிச்சயமானது. கவலைப்பட வேண்டியது வேறொன்று: பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைவே மறதியாக வெளிப்படலாம், கால் மரத்துப்போவதும் சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அம்மாவுக்கு முதலில் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். குறைவென்றால் ஊசியோ மாத்திரையோ போதும்.