ஒரு சர்வர், இரண்டு லைன்: பதில் எந்த வழியே போகிறது?

கேள்வி: எங்கள் மாங்கூழ் ஆலை சர்வரில் இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் லைன்கள், இரண்டுக்கும் நிலையான ஐபி முகவரி. வெளியூரிலிருந்து முதல் முகவரியில் நுழைய முடிகிறது, இரண்டாவதில் முடிவதில்லை. லைனில் குறை இல்லை என்கிறார்கள். (கிருஷ்ணகிரி)

பதில்: அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். கோரிக்கை இரண்டாவது லைனில் வருகிறது, பதில் முதல் லைனில் கிளம்புகிறது. வேறு விதி எழுதாதவரை, சர்வரை இயக்கும் லினக்ஸ், பாக்கெட் (அனுப்பும் தரவுத் துண்டு) எங்கே போக வேண்டும் என்று பார்த்தே வழி தேடும். எந்த முகவரியிலிருந்து புறப்படுகிறது என்று பார்க்காது. ஆகவே வெளியூர்ப் பாக்கெட் எல்லாம் டீஃபால்ட் ரூட்டுக்கே, அதாவது தனி வழி குறிக்காதவை போகும் பொது வழிக்கே போகும். இங்கே அது முதல் லைன். முதல் நிறுவனமோ தான் கொடுக்காத முகவரியோடு வருவதைப் போலி என்று தடுத்துவிடும்.

எந்த வழிக்கு முன்னுரிமை என்று சொல்லும் மெட்ரிக் எண்ணை மாற்றிப் பார்ப்பவர்கள் அதிகம். அதனால் கோளாறு ஒரு லைனிலிருந்து மற்றதற்கு இடம் மாறும், அவ்வளவுதான். செய்ய வேண்டியது இது: இரண்டாவது லைனுக்குத் தனி ரூட்டிங் டேபிள் (வழிகளின் பட்டியல்) வையுங்கள். எண் 100 என்று கொள்வோம். 253, 254, 255 வேண்டாம், அவை லினக்ஸின் சொந்த டேபிள்கள். டேபிள் 100-இல் இரண்டாவது கேட்வேயை (அந்த லைனில் வெளியே போகும் வாசலை) டீஃபால்ட் ரூட்டாக எழுதுங்கள். அப்புறம் 'ஐபி ரூல்' கட்டளையில், இரண்டாவது முகவரியிலிருந்து கிளம்புவது எல்லாம் டேபிள் 100-ஐப் பார்க்கட்டும் என்று விதி போடுங்கள். ஆலையின் உள் நெட்வொர்க்குக்கான ரூட்டையும் அதே டேபிளில் சேருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பக்கத்து அறைக் கணினிக்குப் போக வேண்டிய பதிலும் வெளி கேட்வேக்கு ஓடும். கடைசியாக 'ஐபி ரூட் கெட்' கட்டளையில் இரண்டாவது முகவரியைப் புறப்படும் இடமாகக் கொடுத்துக் கேளுங்கள். பதில் எந்த நெட்வொர்க் கார்டு வழியே போகும் என்று அதுவே சொல்லும்.

கேள்வி: எங்கள் இரண்டாவது லைன் 4ஜி. இதே முறை உதவுமா? (பாலக்கோடு)

பதில்: வெளியே போவதற்கு உதவும். வெளியிலிருந்து உள்ளே வர, பெரும்பாலும் உதவாது. 4ஜியில் பொதுவாகப் பலருக்கும் சேர்த்து ஒரே பொது முகவரிதான். உங்கள் சர்வரை அதைக் கொண்டு தேடிவர முடியாது.

கேள்வி: இரவு பேக்கப் மட்டும் இரண்டாவது லைனில் போக வேண்டும். (தருமபுரி)

பதில்: பேக்கப் சர்வரின் முகவரி மாறாதது என்றால், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் இரண்டாவது கேட்வே வழியாக ஒரு ரூட் போதும். விதியெல்லாம் வேண்டாம். ஆனால் அந்த முகவரிக்கான மற்ற வேலைகளும் அதே லைனில்தான் போகும்.

கேள்வி: இரண்டு கார்டும் ஒரே சுவிட்சில், ஒரே சப்நெட்டில் (ஒரே முகவரித் தொகுதியில்). ஒன்று சும்மாவே இருக்கிறது. (ஓசூர்)

பதில்: ஒரே சப்நெட்டில் இரண்டு கார்டுக்குத் தனித்தனி முகவரி கொடுக்காதீர்கள். ஒரு கார்டின் முகவரிக்கான ஏஆர்பி கேள்விக்கு ('இந்த ஐபி முகவரி யாருடையது?' என்று நெட்வொர்க்கில் கேட்பது) மற்ற கார்டும் பதில் சொல்லிவிடும். குழப்பம் அங்கேதான் தொடங்கும். ஒன்று பழுதானால் மற்றது தாங்க வேண்டும் என்றால் பாண்டிங் செய்யுங்கள், அதாவது இரண்டையும் ஒரே கார்டு போல இணையுங்கள்.

கேள்வி: ரீபூட் ஆனதும் விதிகள் காணாமல் போகின்றன. (அரூர்)

பதில்: கட்டளையாகப் போட்டவை நினைவகத்தில் மட்டுமே இருக்கும். உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) சர்வர் என்றால், நெட்வொர்க் அமைப்பைச் சேமிக்கும் நெட்பிளான் கோப்பில் ரூட், விதி இரண்டையும் எழுதுங்கள். எழுதியதும் 'நெட்பிளான் ட்ரை' என்று கொடுங்கள். பிழை இருந்து இணைப்பு அறுந்தாலும், 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்பு தானே திரும்பிவிடும்.